கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜப்பான் பள்ளிக்கூடம்

சிறுவாச்சூர் மேகலாவுக்கு எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாது. சின்ன வயதிலேயே அப்படித்தான். கிணற்றில் மோட்டார் இறக்க வந்தவர்களிடம், தண்ணீருக்குள் கிடந்தும் அது எப்படி ஷாக் அடிக்காமல் ஓடுகிறது என்று கேட்டுக் கேட்டு நச்சரித்திருக்கிறாள். கடைசியில் அவர்கள் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, “இந்தப் புள்ளயக் கொஞ்சம் உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க, எங்களுக்கு வேலையே ஓட மாட்டேங்குது” என்றார்கள்.

பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். படிப்பு அதோடு நின்றது. இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போகவேண்டியவள் அப்படியே நின்று மாப்பிள்ளையைப் பார்த்து, “உங்க கொல்லையில வெங்காயம் ஒரு போகமா, ரெண்டு போகமா?” என்று கேட்டாள். வந்திருந்தவர்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை செந்தில்குமார் மட்டும் சிரித்தான். “மழை பேஞ்சா ரெண்டு. பேயலன்னா உங்கள மாதிரி நானும் வானத்தப் பாத்துக் கேள்வி கேப்பேன்” என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் சின்ன வெங்காயத்தோடும் மக்காச்சோளத்தோடும் ஓடியது. மகள் பூங்குழலி எட்டாவது சேர்ந்த வருடம் இறையூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மேகலாவும் போய்ச் சேர்ந்தாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் சிறுவாச்சூரில் கிளம்பும். பெரம்பலூர் நான்கு ரோட்டில் பாதிப் பேர் ஏறுவார்கள். அப்புறம் ஹைவேயில் வாலிகண்டபுரம் தாண்டி நேராகக் கம்பெனி. ஏறியதும் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். டிரைவர் கண்ணையன் பாட்டுக்கூடப் போடமாட்டார். தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்பது அவர் கட்சி.

மேகலாவுக்குப் பஸ்ஸில் தூக்கம் வராது. பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டு வருவாள். பக்கத்து சீட்டுக்காரி பானுப்ரியா. நான்கு ரோட்டில் ஏறுகிற இருபது வயதுப் பெண். பி.எஸ்.சி. சேர்ந்து ஒரு வருடத்தில் நின்றுவிட்டு ஷூ கம்பெனிக்கு வந்தவள். உட்கார்ந்த உடனே செல்போனை எடுத்துவிடுவாள். கறுப்பு வெள்ளையில் பொம்மைப் படங்கள். பெரிய பெரிய கண்ணுள்ள பெண்கள், நெற்றியில் முடி விழுந்த பையன்கள். பானு அவற்றைப் பார்த்துத் தானாகச் சிரிப்பாள், உதட்டைக் கடிப்பாள், ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேகலா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

“ஏ பானு, எல்லாரும் எடதுலேர்ந்து வலதாத்தான படிப்பாங்க? நீ என்னா தலகீழாத் தள்ளிக்கிட்டே போற?”

“இது அப்படித்தான் அக்கா. மங்கா.”

“மாங்காயா?”

“மாங்கா இல்லக்கா, மங்கா! ஜப்பான் படக்கதை. அவங்க வலதுலேர்ந்துதான் படிப்பாங்க. இது ஸ்கூல் கதை. பொண்ணுங்களுக்குன்னே வரையிறது. அதுக்கு ஷோஜோன்னு பேரு. நான் இங்கிலீஷ்ல படிக்கிறேன்.”

“அப்ப புஸ்தகத்தக் கடைசிப் பக்கத்துலேர்ந்து தொறப்பாங்களா? அட்டையில பேரு எந்தப் பக்கம் இருக்கும்?”

பானு அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். கேட்கிறவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் முதல் பக்கத்திலிருந்து காட்ட ஆரம்பித்தாள்.

கதையின் பெயருக்குத் தமிழில் ‘ஜன்னலோர மூன்றாவது பெஞ்சு’ என்று அர்த்தமாம். சிஹோ என்று ஒரு பெண். கடலோரத்து ஊரிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்கிறாள். மசாகி என்று ஒரு பையன், வகுப்புத் தலைவன், எல்லாப் பெண்களுக்கும் அவன்மேல் ஒரு கண். கென்ஜி என்று இன்னொருவன், அவனுக்குச் சினேகிதன், வாயாடி. பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் ரயிலில் வருகிறார்கள்.

“தெனமும் ரயில்லயா?” என்றாள் மேகலா. அவள் இரண்டே தடவைதான் ரயிலில் போயிருக்கிறாள். அதற்கும் அரியலூர் வரை பஸ்ஸில் போய்த்தான் ஏறவேண்டியிருந்தது.

பள்ளிக்கூட வாசல் படத்துக்கு வந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. வரிசையாகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். பிள்ளைகள் தெருவில் போட்டு வந்த ஷூவைக் கழற்றி அதில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள வேறு ஜோடி எடுக்கிறார்கள்.

முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஜானகி சட்டென்று திரும்பினாள். ஜானகிக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. தைத்து வந்த ஷூவில் குறை பார்க்கிற பிரிவு. வீட்டிலும் அதே வேலைதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

“உள்ளுக்கு ஒண்ணு, வெளிக்கு ஒண்ணா? அப்ப ஒரு புள்ளைக்கு ரெண்டு ஜோடி வேணுமே! நமக்கு வேல கொறையாது போ.”

“அதுக்குள்ளதான் லவ் லெட்டர் வெப்பாங்களாம் அக்கா” என்றாள் பானு.

“ஷூவுக்குள்ளயா? கால் நாத்தம் அடிக்காது?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே விழித்தார்கள். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நான்கு ரோட்டில் பானு ஏறினால் பின்னால் இருந்தவர்களும் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பானு படத்தைக் காட்டிக் காட்டிக் கதை சொல்வாள். சிஹோ என்ற பெயர் ஜானகியின் வாயில் நுழையவில்லை, சித்ராவாக்கிவிட்டாள். மசாகி மாசி ஆனான், கென்ஜி காஞ்சி ஆனான். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர்க் காளி கோயில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு லேட்டாக நான்கு ரோட்டுக்கு வரும். அந்த நாட்களில் பானு படியில் கால் வைப்பதற்குள், “சித்ரா என்னானா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

மேகலாவுக்குக் கதையைவிடக் கதைக்குக் கீழே இருந்தது ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் படித்தவர்கள் கருத்து எழுதுகிற இடம். பிரேசிலில் ஒருத்தி, பிலிப்பைன்ஸில் ஒருத்தி, எந்த ஊர் என்றே தெரியாமல் பூனைப் படம் போட்டவர்கள். மசாகிதான் பொருத்தம் என்று ஒரு கூட்டம், கென்ஜிதான் என்று ஒரு கூட்டம்.

“ஒலகமே ஒக்காந்து சண்ட போடுதுக்கா” என்று பானு சிரித்தாள்.

“அவங்கல்லாம் என்னா வேல பாக்குறவங்க? இந்நேரத்துக்கு அங்க ராத்திரியா, பகலா?” என்றாள் மேகலா.

பஸ்ஸிலும் இரண்டு கட்சி உண்டாயிற்று. அது முற்றியது சுவர் அத்தியாயத்தில்தான். மொட்டைமாடியில் சிஹோ போய்விடப் பார்க்கிறாள். மசாகி அவளைச் சுவரோரம் தள்ளி, தலைக்குப் பக்கத்தில் கையை ஊன்றி மறித்துக்கொண்டு, “என்னைப் பார்த்துப் பேசு” என்கிறான். முழுப் பக்கப் படம். சுற்றிலும் பூவாகப் பறக்கிறது. கீழே கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். பஸ்ஸில் சின்னப் பெண்கள் “ஐயோ, செம” என்றார்கள்.

“என்னாடி செம?” ஜானகி எழுந்தே நின்றுவிட்டாள். “செவுத்துல கைய வெச்சு மறிக்கிறவன் நல்லவனா? நாலு ரோட்டுல எவனாவது எம் மவள இப்படி மறிச்சான்னா நம்ம கம்பெனி ஷூவாலயே அடிப்பேன்.”

“அது லவ்வுக்கா.”

“லவ்வுன்னா எதுக்கு வழிய மறிக்கணும்? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு, பயந்துபோயிக் கெடக்கு. வரைஞ்சவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியல.”

மேகலா படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். ஜானகி சொன்னது சரிதான். பூவை எல்லாம் விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால் பயம்தான் இருந்தது. பானு போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் அடுத்த அத்தியாயத்தைச் சொன்னாள். மசாகி கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் சிஹோவின் தெருவுக்கு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, “நான் செஞ்சது தப்பு. நீ பயந்ததப் பார்த்தேன். பார்த்தும் கையை எடுக்கல” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுகிறான்.

ஜானகி கொஞ்சம் யோசித்தாள். “சரி, திருந்துற பயதான்” என்று உட்கார்ந்தாள். பஸ் மொத்தமும் மாசி பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்னொரு நாள் வகுப்பறையைக் கூட்டுகிற அத்தியாயம். ஜப்பானில் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பார்களாம். முறை வைத்து எல்லாரும், பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை என்றில்லாமல். மசாகி முழங்காலில் உட்கார்ந்து துணியால் தரையைத் துடைக்கிற படம் இருந்தது.

“எல்லாருமேவா?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். நர்மதா. மேகலாவின் லைனிலேயே இரண்டு மெஷின் தள்ளி வேலை செய்கிறவள். பஸ்ஸில் அதுவரை அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

“எல்லாருந்தான் அக்கா” என்றாள் பானு.

“எங்க ஸ்கூல்ல எங்க தெருப் புள்ளைங்கள மட்டுந்தான் கூட்டச் சொல்வாங்க. கக்கூசும் நாங்கதான். மத்த புள்ளைங்க வெளையாடப் போயிருவாங்க.”

நர்மதா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட விஷயத்தோடு தன் விஷயத்தை வைத்துப் பார்த்தவள்போல்தான் சொன்னாள். மேகலாவுக்குத் தன் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே காலையில் வகுப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். யார் கூட்டினார்கள்? ஆயிரம் கேள்வி கேட்டவள் அந்த ஒன்றைக் கேட்டதே இல்லை. அன்று பூராவும் மெஷினில் அந்த நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பானு வழக்கத்தைவிட நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள். வசதியான வீட்டுப் பையன் ஒருவன் துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்கிறான், இதற்கென்று ஆள் இல்லையா என்கிறான். கணக்கு வாத்தியார் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்து வகுப்பு முழுவதும் கூட்டுகிறார். அவன் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்து, “காலைத் தூக்குங்க சார்” என்கிறார். பையன் எழுந்து துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறான்.

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். நர்மதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்ததை மேகலா கண்ணாடியில் பார்த்தாள்.

ஆடி கழிந்ததும் பானு வேலையை விட்டாள். அரியலூரில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. கடைசி நாளில் எல்லாரும் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். சித்ரா பள்ளி விழாவில் நாடகம் போடப்போகிற இடத்தில் கதை நின்றுபோயிற்று.

இரண்டு வாரம் எல்லாரும் பழையபடி தூங்கிப் பார்த்தார்கள். ஜானகியால் முடியவில்லை.

“ஏ மேகலா, நீதான அந்தப் புள்ளகிட்ட ஒட்டிக்கிட்டே ஒக்காந்திருந்த? நீ படிச்சுச் சொல்லு.”

“எனக்கு எங்கக்கா இங்கிலீஷு?”

“பதினொண்ணு வரைக்கும் போனவதான? எனக்கு அஞ்சாங்கிளாசு. அப்ப நானா படிப்பேன்?”

சொல்லிப் பார்த்தாளே தவிர, மேகலாவுக்கும் உள்ளூர ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வெங்காயம் தரம் பிரித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பானு படித்த அந்தப் படக்கதை ஆப்பைத் தன் போனில் இறக்கினாள். நாடகத்தில் ஆரம்பிக்கவில்லை. முதலிலிருந்தே படித்துவிடலாம் என்று தோன்றியது. தெரியாத வார்த்தைக்குப் போனிலேயே தமிழ் பார்த்தாள். அது கொடுத்த தமிழ் சில நேரம் வேடிக்கையாக இருந்தது. ஒரு இடத்தில் மசாகி சிஹோவிடம், ‘தயவுசெய்து என்னுடன் வெளியே செல்லுங்கள்’ என்கிறான். எங்கே கூப்பிடுகிறான் இவன், கடைக்கா என்று குழம்பினாள். அடுத்த படத்தில் சிஹோவின் கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தனியாகச் சிரித்தவளைச் செந்தில்குமார் பார்த்துவிட்டான்.

“என்னா, வெங்காயம் சிரிக்கவும் வெக்கிதா?”

“காதலச் சொல்றான்ங்க ஒருத்தன். எனக்கில்ல, பயப்படாதீங்க.”

போகப் போக வேகம் வந்தது. சுவர் அத்தியாயத்தைத் தாண்டி அடுத்ததைத் திறந்தாள். விளையாட்டு விழா. எல்லாரும் ஓடுகிறார்கள். மசாகி சிரிக்கிறான், சிஹோவும் சிரிக்கிறாள். மழை எங்கே? ஒரு பக்கம் தவறிவிட்டதோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தாள். இல்லை. அதற்கடுத்த அத்தியாயத்திலும் இல்லை. மசாகி மன்னிப்பே கேட்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

வகுப்பைக் கூட்டுகிற அத்தியாயத்துக்குப் போனாள். பிள்ளைகள் கூட்டுவது இருந்தது. துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்ற பையன் இல்லை. கணக்கு வாத்தியாரும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பது ஒரு டீச்சரம்மா.

மேகலா போனைக் கீழே வைத்தாள். பஸ்ஸில் எல்லாருக்கும் பிடித்த இரண்டு இடமும் புத்தகத்தில் கிடையாது. அப்படியானால் அவை எங்கேயிருந்து வந்தன?

பானுவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். பானு, “நேர்ல வாங்கக்கா, சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வரை மேகலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறன்று காலையிலேயே அரியலூர் பஸ் ஏறிவிட்டாள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடையில் பானு காத்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். திட்டு வாங்கப்போகிற பிள்ளைமாதிரி தலையைக் குனிந்துகொண்டு உறிஞ்சுகுழலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் சண்டைக்கு வரல புள்ள. தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். ஏன் மாத்துன?”

“மொதல்ல படிக்கிறப்ப எனக்கு அந்தச் செவுரு எடம் ரொம்பப் புடிச்சிருந்துச்சுக்கா. நூறு தடவையாவது பாத்திருப்பேன். ஜானகி அக்கா சொன்ன பொறவு வூட்டுக்குப் போயித் திருப்பிப் பாத்தேன். புடிக்கல. அந்தப் பொண்ணு பயந்தது எனக்கு மொதல்ல தெரியவே இல்லியேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவன் மன்னிப்புக் கேப்பான்னு அடுத்தடுத்த அத்தியாயமாத் தேடுனேன். கேக்கவே இல்ல. அதான் நான் கேக்க வெச்சேன்.”

“மழையும் நீதானா?”

“மழையும் நாந்தான்.”

“குடை இல்லாம வந்தது?”

“அதுவுந்தான் அக்கா.” பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தக் கணக்கு வாத்தியாரு?”

சிரிப்பு நின்றது. “நர்மதா அக்கா சொன்னப்ப எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியலக்கா. நான் படிச்ச ஸ்கூல்லயும் அப்படித்தான். நான் வெளையாடப் போன கூட்டம். அத அந்த அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அதான் ஒரு சாரை வரவெச்சேன். அப்படி ஒரு சாரை நான் பாத்ததே இல்ல.”

மேகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளுடைய படிப்பைப் பற்றிக் கேட்டாள், ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. சொல்லாமல் விட்டுவிட்டால் நர்மதாவுக்கு அந்த வாத்தியார் இருப்பார். ஆனால் இனிமேல் கதை சொல்லப்போகிறவள் அவள்தான். எது புத்தகம், எது பானு என்று தெரிந்துகொண்டே தெரியாததுபோல எப்படிச் சொல்வது? யாராவது, “அப்புறம் அந்தக் கணக்கு வாத்தியாரு வந்தாரா?” என்று கேட்டால் அவளும் அல்லவா கதை கட்டவேண்டியிருக்கும்?

திங்கட்கிழமை கோயில் கூட்டத்தில் பஸ் நின்று நின்று நகர்ந்தது. நான்கு ரோட்டில் எல்லாரும் ஏறியதும் மேகலா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் அப்படி நின்று பேசியதில்லை. படித்ததையும் அரியலூருக்குப் போனதையும் எதையும் விடாமல் சொன்னாள். பானுவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது பானு சொல்லவேண்டியது.

“அப்ப அந்தப் பய மன்னிப்பே கேக்கலியா?” ஜானகிக்கு மூச்சு வாங்கியது. “இத்தன நாளா அவனுக்குப் பரிஞ்சு பேசிக்கிட்டிருந்தேனே!”

“பானு நம்மள ஏமாத்திட்டா” என்றாள் ஒருத்தி. “ஏமாத்துனாலும் நல்லாத்தான் ஏமாத்துனா” என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து கத்தியது.

மேகலா பின் சீட்டையே பார்த்தாள். நர்மதா அவள் பார்ப்பதைக் கண்டு முன்னால் குனிந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா.”

“எப்படி?”

“நான் அந்தப் புள்ளைக்கு நேர் பின்னாலதான ஒக்காருவேன். வாத்தியாரு கதைய சொல்றப்ப போனுல ஒரே படந்தான் இருந்துச்சு. தள்ளவே இல்ல. எங்கயோ பாத்துக்கிட்டு சொல்லிச்சு. எனக்குன்னுதான் சொல்லுதுன்னு தெரிஞ்சிச்சு. நல்லா இருந்துச்சு. அதான் பேசாமக் கேட்டேன்.”

அப்போது முன்னாலிருந்து கண்ணையன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கனைத்துக்கொண்டு பேசினார்.

“புஸ்தகத்துல இருக்குறது எது, நம்ம பஸ்ல செஞ்சது எதுன்னு சொல்லிட்டுச் சொல்லும்மா. ரெண்டையும் கேட்டுக்குறோம்.”

அவரும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே ஏற்பாடாயிற்று. மேகலா போனைக் கையில் பிடித்திருந்தால் புத்தகம். மடியில் வைத்துவிட்டால் பஸ்ஸில் யாரோ சொன்னது. ஜானகி இன்னொன்றும் பிடிவாதமாகக் கேட்டாள்: சுவர் அத்தியாயத்துக்குக் கீழே தன் கருத்தைப் போட்டே ஆகவேண்டும். மேகலா தமிழிலேயே தட்டினாள். ‘வழியை மறிப்பது அன்பு இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அவன் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.’ ‘ஷூவால் அடிப்பேன்’ என்பதையும் சேர்க்கச் சொன்னாள் ஜானகி. மேகலா அதைமட்டும் நைசாக விட்டுவிட்டாள்.

பதில் வராது என்றுதான் நினைத்தார்கள். இரண்டு நாளில் வந்துவிட்டது. இது வெறும் கதை, ரசிக்கத் தெரியாதவர்கள் ஏன் படிக்கிறீர்கள் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சீறியிருந்தார். பூனைப் படம் போட்ட ஒருத்தி, இதை மொழிபெயர்த்துப் படித்தேன், எனக்கும் அங்கே உறுத்தியது, சொல்லத் தைரியம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். மலேசியாவிலிருந்து ஒரு பெண் தமிழிலேயே, ‘நீங்க யாரு, எந்த ஊரு?’ என்று கேட்டிருந்தாள். மேகலாவிடமே ஒருத்தி கேள்வி கேட்டுவிட்டாள்! அவள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நான்கு கேள்வி போட்டாள்.

தை மாதத்தில் கதை நின்றது. வரைகிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சில மாதம் ஓய்வு என்று அறிவிப்பு வந்தது. சிஹோவும் நண்பர்களும் பள்ளியை முடிக்கப்போகிற இடம் அது. பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு முடிவு சொன்னார்கள். சித்ரா யாரையும் கட்டாமல் மேலே படிக்கட்டும் என்றாள் நர்மதா. காஞ்சியைத்தான் கட்டவேண்டும், சிரிக்க வைக்கிறவன் போதும் என்றாள் ஜானகி. அவள் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் போகட்டும் என்றார் கண்ணையன்.

“எல்லாரையும் கேட்டுட்ட. நீ என்னா சொல்ற மேகலா?” என்றாள் ஜானகி.

மேகலா வாலிகண்டபுரம் தாண்டும்வரை யோசித்தாள்.

“கல்யாணமெல்லாம் என்னமோ ஆவட்டும்க்கா. எனக்கு ஒண்ணு தெரியணும். சித்ரா தெனமும் மத்தியானம் டப்பா தொறக்குறா. சோறு, முட்ட, பூ மாதிரி வெட்டுன கேரட்டு. அத்தன அழகாக் கட்டிக் குடுத்துருக்காங்க. யாரு கட்டுறாங்க? அவ அம்மாவ இத்தன அத்தியாயத்துல ஒருக்கா முதுகுப் பக்கம் காட்டுனாங்க, அவ்வளவுதான். அந்தப் பொம்பள எத்தன மணிக்கு எந்திரிக்கிறா, கட்டி முடிச்சிட்டு எங்க வேலைக்குப் போறா? அதப் பத்தி ஒருத்தரும் கீழ எழுதல.”

பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் விடியுமுன் எழுந்து டப்பா கட்டிவிட்டு வந்தவர்கள்.

“ஷூ கம்பெனிக்குத்தான் போவா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“இல்லடி, மீன் கம்பெனி. கடலோரத்துக்காரின்னு சொன்னாங்கல்ல?”

“மீன் கம்பெனின்னா கையெல்லாம் நாறுமே, கேரட்ட அவ்வளவு அழகா எப்ப வெட்டுவா?”

“முந்துன நாளே வெட்டி வெச்சிருப்பா!”

கம்பெனி வாசலில் பஸ் நின்றது. ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சித்ராவின் அம்மாவுக்கு என்ன வேலை என்று பேசிக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள்.